பில்சுனின் கட்டில் வளர்ந்தது

“என் கட்டிலை யாரு தூக்கி வெச்சது?”

பில்சுன் இப்படிக் கத்திக்கொண்டு வந்தபோது நான் முட்டை அவித்துக்கொண்டிருந்தேன். அவள் உடம்பில் கறுப்பு உள்ளாடை, தலையில் கட்டிய துண்டு, ஒரு கையில் அழுக்குத் தேய்க்கும் பச்சைக் கையுறை. குளிக்க வந்த பெண்கள் தலை துவட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அவள் கோபமாக இருந்தால் தரையெல்லாம் தண்ணீர் சொட்டும், துடைப்பது என் வேலை.

கொரியாவின் தென்முனையில் மொக்போ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பழைய குளியல் கூடத்தில் பெண்கள் பகுதி பாதி பூமிக்குள் இருக்கிறது. படி இறங்கித்தான் வரவேண்டும், ஜன்னல் கிடையாது. உடை மாற்றும் அறைக்கு நான் பொறுப்பு. சாவி கொடுப்பதும், துண்டு எண்ணுவதும், முட்டையும் பால் பாக்கெட்டும் விற்பதும், யாருடைய மோதிரம் தொலைந்தாலும் திட்டு வாங்குவதும் நான்தான். பில்சுன் உள்ளே தேய்ப்பவள். சுடுதண்ணீர்த் தொட்டியில் ஊறிவிட்டு வந்து அவள் கட்டிலில் படுத்தால், கழுத்திலிருந்து குதிகால் வரை அழுக்கை உருட்டி உருட்டி எடுத்துவிடுவாள். பக்கம் மாறிப் படுக்க வேண்டுமானால் வாயால் சொல்லமாட்டாள், இடுப்பில் டப்பென்று ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தத் தட்டு வாங்காத பெண் இந்த வட்டாரத்தில் இல்லை.

“யாருடி தூக்குவா உன் கட்டிலை? அது என்ன பூனைக்குட்டியா?” என்றேன்.

“நேத்து லீவு நாள்ல முதலாளி மெத்தைத் தோலு மாத்தினாரில்ல, அப்ப அடியில கல்லு குடுத்திருக்காரு. கை எட்டல அக்கா. அந்தப் பக்கத் தோளைத் தேய்க்க ஸ்டூல் போட்டு ஏறி நிக்கறேன். சர்க்கஸ்ல வேலை பாக்கற மாதிரி இருக்கு.”

முதலாளி மா பெண்கள் பகுதிக்குள் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் வரமுடியும், அன்றுதான் விடுமுறை. அதனால் அவள் படிக்கட்டில் நின்று மேல்நோக்கிக் கத்தினாள், அவர் பாய்லர் அறையிலிருந்து கீழ்நோக்கிக் கத்தினார். கல் எதுவும் வைக்கவில்லை என்றார் அவர். பொய் என்றாள் இவள். பொய் சொல்ல எனக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்றார் அவர். அந்த வாரம் முழுக்க அவள் பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறித்தான் வேலை பார்த்தாள். சனிக்கிழமை ஸ்டூல் சோப்பில் வழுக்கி நகர்ந்தது, கட்டில் விளிம்பைப் பிடித்துத் தொங்கித் தப்பித்தாள். கட்டிலில் கிடந்த மீன்கடைக்காரி பயந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மா அளவு நாடாவோடு இறங்கி வந்தார். கட்டில் காலுக்கு அடியில் கல்லும் இல்லை, கட்டையும் இல்லை. கால்கள் நின்ற இடத்தில் வட்ட வட்டமாகத் துருக்கறை தரையோடு ஒட்டியிருந்தது, அது பல வருஷத்துக் கறை. பில்சுன் விடவில்லை.

“அப்ப துண்டு மாட்டற ஆணி? அதையும் மேல தூக்கி அடிச்சிருக்கீங்க. நான் நின்ன வாக்குல கைய நீட்டி எடுப்பேன், இப்ப எம்பி எம்பி எடுக்கறேன். எதுக்கு என்னை இப்படிப் படுத்தறீங்க?”

மா பெருமூச்சு விட்டார். “ஏம்மா, அது டைல்ஸ். ஆணியைப் பிடுங்கி மேல அடிச்சிருந்தா பழைய ஓட்டை இருக்கணுமில்ல? எங்க, காட்டு.”

அவள் சுவரைத் தடவினாள், கீழே தடவினாள், பக்கத்தில் தடவினாள். வழவழவென்று டைல்ஸ்தான் இருந்தது. நான் பேச்சை மாற்றுவதற்காக அந்த டைல்ஸின் கேவலமான நிறத்தைப் பற்றி ஏதோ சொன்னேன், யாரும் கேட்கவில்லை. பில்சுன் மெதுவாகத் திரும்பி என் எதிரே வந்து நின்றாள். நாங்கள் இருவரும் ஒரே உயரம். ஒரே அளவு ரப்பர் செருப்பை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறவர்கள்.

“அக்கா, முன்னெல்லாம் உன்கிட்ட பேசினா கண்ணு தெரியும்” என்றாள். “இப்ப மூக்கு ஓட்டை தெரியுது. உள்ள முடி வேற.”

“வாயை மூடு” என்றேன். மா அவளைக் கதவோரம் நிறுத்தி நாடாவைப் பிடித்தார். அவள் சொன்ன பழைய உயரத்தில் நாலு விரல் காணவில்லை.

பில்சுன் போய்க் கட்டிலை ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள், அன்று அது கழுவ வேண்டிய நாளே இல்லை.

*

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். தனியாக விட்டால் பாதி வழியில் திரும்பி வந்துவிடுவாள், அவளுக்கு வெயில் ஆகாது. ஆகாது என்றால் நோய் இல்லை, அது வைராக்கியம். நவம்பர் மாதம் குளிரில் விறைத்த சூரியனுக்குக்கூட அகல விளிம்புத் தொப்பி, மூக்கு வரை முகமூடி, முழங்கை வரை கையுறை. எங்கள் ஊரில் எல்லாப் பெண்களும் வெயிலுக்கு மூடிக்கொள்வார்கள்தான், நான் உட்பட. ஆனால் பில்சுன் அளவுக்கு மூடினால் வங்கிக்குள் விடமாட்டார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. அவள் தீவுக்காரி, உப்பளத்துப் பெண். சிறுமியாக இருக்கும்போதே பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் சக்கரத்தை மிதித்தவள். நிழல் என்று அங்கே ஒன்றும் கிடையாது, மேலே ஒரு சூரியன் என்றால் பாத்தித் தண்ணீரில் இன்னொன்று. கல்யாணமாகி மொக்போவுக்கு வந்த அன்று மாமியார் பக்கத்து வீட்டுக்காரியிடம், பெண் நல்லவள்தான், சட்டியடி மாதிரி இருக்கிறாள் என்று சொன்னது இவள் காதில் விழுந்தது. மாமியாரும் போய்விட்டார், புருஷனும் போய்விட்டான், அந்தச் சொல் மட்டும் போகவில்லை. இந்தப் பாதாளத்தில் வேலை கிடைத்ததும், இனி என் மேல் வெயில் பட விடமாட்டேன் என்று இருந்துவிட்டாள். விடிவதற்கு முன்பே படியிறங்கி, இருட்டிய பிறகு படியேறுவாள். வாடிக்கையாளர் முதுகில் ஊற்றித் தேய்த்தது போகப் பாக்கெட்டில் மிச்சமிருக்கும் பாலைத் தன் முகத்திலும் கையிலும் பூசிக்கொள்வாள். அவள் கேட்ட வரம் கிடைத்தது. இந்தக் கூடத்துக்கு வருகிற பணக்காரிகளைவிட அவள்தான் வெள்ளை.

டாக்டர் ஒரு சின்னப் பெண். என் குடைக்கு அவளைவிட வயது கூட இருக்கும். படம் எடுத்துப் பார்த்துவிட்டு, முதுகெலும்பில் இரண்டு கணு நசுங்கி இருக்கிறது என்று பேனாவால் காட்டினாள். மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு வேகமாகக் கரையும், இவளுடையது சல்லடையாகிவிட்டது என்றாள்.

“முதுகு வலிக்கலையாம்மா?”

“யாருக்குத்தான் வலிக்கல?” என்றாள் பில்சுன். “எங்க கூடத்துக்கு வர்ற எல்லாப் பொம்பளைக்கும் வலிக்குது. வலிச்சா மருந்துப் பட்டை ஒட்டிக்குவேன். போன வருஷம் வாளியோட நிக்கும்போது ஒரு தும்மல் வந்துச்சு, சுரீர்னுச்சு. ரெண்டு பட்டை ஒட்டினேன்.”

“அந்தத் தும்மல்லதான் ஒண்ணு உடைஞ்சிருக்கணும்.”

பில்சுன் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. தும்மினால் எலும்பு உடையும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? உடம்பு சூடேறுவதைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி, புருஷனைப் பிடிக்காமல் போவதைப் பற்றியெல்லாம் அந்தச் சுடுதண்ணீர்த் தொட்டியில் உட்கார்ந்து பெண்கள் பேசித் தீர்ப்பார்கள். எலும்பைப் பற்றி யாரும் பேசியதில்லை. அது உள்ளேயே சத்தமில்லாமல் கிடக்கிறது, நாமும் அதை மறந்துவிடுகிறோம்.

“பால் குடிப்பீங்களா?” என்றாள் டாக்டர்.

என்னால் அடக்க முடியவில்லை. “பாலா? ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட்டு காலி பண்ணுவா தெரியுமா டாக்டர்? எல்லாம் ஊரார் முதுகுல.”

“குடிச்சா வயித்தால போகும்” என்று பில்சுன் முணுமுணுத்தாள்.

“வெயில்ல போவீங்களா?”

“மாட்டேன்” என்றாள், பெருமையாக. கையுறையைக் கழற்றிக் காட்டவும் செய்தாள். “பாருங்க, எங்கயாவது ஒரு புள்ளி இருக்கா?”

டாக்டர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தாள். “இதை நான் பாராட்ட முடியாதும்மா” என்றாள். பிறகு வரிசையாக ஆரம்பித்தாள். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, மாத்திரை, தினமும் வெளியே நடை, கையைத் திறந்துவிட்டு வெயில். பால் ஒத்துக்கொள்ளாவிட்டால் சோயா பால், டோஃபு, முள்ளோடு நெத்திலி. ஊறுகாய் மீனும் உப்புச் சாறும் குறைக்கணும், பாக்கெட் காபியைக் குறைக்கணும். தரையில் படுத்து உருண்டு எழுந்திருக்கக் கூடாது, கட்டில் வாங்கணும். குனிந்து, திருகி, அழுத்துகிற வேலை கூடாது.

“அதுதானே என் வேலை” என்றாள் பில்சுன்.

“தெரியும். அதான் சொல்றேன்.”

நான் நடுவில் புகுந்து, மாட்டுக் கால் எலும்பு காய்ச்சித் தருகிறேன், இரண்டு நாள் கொதிக்கவிட்டால் வெள்ளை வெளேரென்று இறங்கும், எலும்புக்கு எலும்புதான் மருந்து என்றேன். தாராளமாகக் குடியுங்கள், ருசியாக இருக்கும், ஆனால் எலும்புக்கு வேண்டியது அதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்றாள் அந்தச் சின்னப் பெண். என் அம்மா, அவள் அம்மா, எல்லாரும் காய்ச்சியது வீணா? எனக்கு முகம் சிவந்துவிட்டது. போகிற போக்கில் நீங்களும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்களேன் என்று வேறு சொன்னாள். எனக்கு ஒன்றும் இல்லை, நான் உட்கார்ந்து வேலை பார்க்கிறவள் என்று எழுந்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் பில்சுன் ஜன்னல் திரையை இழுத்து மூடிக்கொண்டாள். “எங்கம்மா கடைசியில எப்படி இருந்தாங்க தெரியுமா அக்கா?” என்றாள். “உப்புக் கூடை சுமந்து சுமந்து இடுப்போட ரெண்டா மடங்கிட்டாங்க. தரையைத்தான் பார்ப்பாங்க. நான் ஊருக்குப் போனா என் செருப்பைப் பார்த்துத்தான் பில்சுனா வந்திருக்கேன்னு கேப்பாங்க. என் மூஞ்சியைக் காட்டணும்னா நான் தரையில உக்காந்து கீழயிருந்து எட்டிப் பார்க்கணும். அப்ப நான் நினைச்சேன், இது உப்புனால, வெயில்னால. நான் ஓடி வந்துட்டேன், எனக்கு வராதுன்னு.”

நான் அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்த வெள்ளைக் கை ஐஸ் மாதிரி இருந்தது.

*

விஷயம் மாவின் காதுக்குப் போயிற்று. அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். “உள்ள வழுக்கி விழுந்து இடுப்பு உடைஞ்சா நான்தான் பதில் சொல்லணும். குவாங்ஜூவுல ஒரு பொண்ணு இருக்கா, உயரமா, வாட்டசாட்டமா. புத்தாண்டுக் கூட்டத்துக்கு முன்னாடி வரச் சொல்லிடறேன். உனக்கும் ஓய்வுதானே பில்சுன்.”

“எந்த ஓய்வு?” என்றாள் அவள். “வீட்டுல நாலு சுவத்தைப் பார்த்துக்கிட்டுத் தரையில படுத்துக் கிடக்கற ஓய்வா? அப்படிக் கிடந்தா முதுகு சீக்கிரமே மடங்கிடும்னு டாக்டரே சொல்லியாச்சு. நான் நின்னு வேலை பார்க்கணும். நிக்கறவரைக்கும்தான் நான் நிமிர்ந்திருப்பேன்.”

“ஸ்டூல்ல நின்னா?”

“ஸ்டூல் வேண்டாம். கட்டில் காலை வெட்டுங்க.”

மா சிரித்தார், பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டார். வெட்டின கட்டிலில் அடுத்து வருகிறவள் எப்படி வேலை பார்ப்பாள், அவளுக்கு முதுகு ஒடியாதா, என்றார்.

“அவ வரும்போது அடியில கல்லு குடுங்க” என்றாள் பில்சுன். “நீங்க குடுக்கலைன்னு சொன்னீங்களே, அதே கல்லு.”

மா அடுத்த செவ்வாய்க்கிழமை ரம்பத்தோடு வந்தார். அவள் கட்டிலோரம் நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டாள், மணிக்கட்டு எங்கே வந்ததோ அந்த உயரத்துக்குக் கோடு போட்டார். நாலு இரும்புத் துண்டுகள் தரையில் விழுந்தன. வெட்டின கட்டில் விளிம்பு அவள் மணிக்கட்டு ரேகைக்கு நேராக நின்றது. அவள் அந்த ரேகையைத் தொட்டு, “இதுதான் அளவு. இதுக்கு மேல கட்டில் வந்துச்சுன்னா நானே கிளம்பிடறேன், நீங்க சொல்லவே வேண்டாம்” என்றாள். அடுத்த வருஷம் இதே குளிர்காலத்தில் பார்ப்போம் என்று மாவும் ஒப்புக்கொண்டார். ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேர்தான், முழங்கையை ஊன்றி அமுக்குவது கிடையாது, தூக்க வேண்டிய வாளியெல்லாம் பாதி வாளி. இப்படித்தான் அவள் வேலை நிலைத்தது.

அந்த நாலு துண்டுகளில் ஒன்றை என் கவுண்டரில் காகிதம் பறக்காமல் வைத்திருக்கிறேன். மற்றவை எங்கே போயினவோ தெரியவில்லை.

*

மற்றதெல்லாம் சொல்வதற்குச் சுலபம். ஒரு பெண் அறுபதை நெருங்கும்போது தின்பதையும் தூங்குவதையும் நடப்பதையும் ஒரே சமயத்தில் மாற்று என்றால் அது எவ்வளவு அலுப்பு என்று, சொல்கிற டாக்டருக்குத் தெரியாது. வீட்டுக்குக் கட்டில் வாங்கிப் போட்டவள் இரண்டு வாரம் அதன் மேல் துணியைப் போட்டுவிட்டுக் கீழேதான் படுத்தாள், மேலே படுத்தால் விழுந்துவிடுவோமோ என்று பயம். உப்பில்லாத சாறு வெந்நீர் மாதிரி இருக்கிறது என்று என் கிம்ச்சி ஊறுகாய் டப்பாவைத் திருடினாள். வறுத்த நெத்திலியைப் பையில் போட்டுக்கொண்டு மென்றுகொண்டே இருந்தாள், கட்டிலில் படுத்தவள் ஒருத்தி உங்கள் மேல் கருவாட்டு வாசனை வருகிறது என்று புகார் சொன்னாள். சில நாள் வந்து என் பக்கத்துத் தரையில் உட்காரப்போய், ஞாபகம் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சுவரைப் பார்ப்பாள். “தினமும் தினமும் இதையே செய்யணுமா அக்கா? எப்ப முடியும்?” என்று கேட்பாள். முடியாதுடி, என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லாவற்றிலும் கஷ்டம் வெயில்தான். மத்தியானம் கூட்டம் குறைந்ததும் கடற்சுவரோரம் நடந்துவிட்டு வா என்று நான் விரட்டுவேன். போவாள், வருவாள். வசந்தம் வந்து ஒரு நாள் அவள் அலமாரிச் சாவியை மறந்துவிட்டுப் போனாள் என்று நான் பின்னால் எடுத்துக்கொண்டு போனேன். பார்த்தால், மீன் கிடங்கின் நிழலில், தொப்பி முகமூடி கையுறை எல்லாவற்றோடும், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருக்கிறாள். நாலு மாதமாக இதைத்தான் நடை என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் கடற்காகங்கள் பறந்தன. “யாரை ஏமாத்தற? என்னையா, அந்த டாக்டர் பொண்ணையா? இதுக்கா அந்த மனுஷன் கட்டிலை வெட்டினாரு?”

அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. “வெளிய வந்தா அந்த உப்பு நாத்தம் அடிக்குது அக்கா” என்றாள். “வெயில் கையில பட்ட உடனே காலு தன்னால மிதிக்கற மாதிரி இருக்கு. இவ்வளவு வருஷம் கழிச்சு, திரும்பவும் அந்தச் சக்கரத்து மேலயே ஏத்தி விட்டுட்டாங்க.”

அவள் அழுதாள், முகமூடி நனைந்தது. நான் அவள் கையைப் பிடித்துக் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்தேன். அவள் விட்டுவிட்டாள். இடது கை, பிறகு வலது கை. வெயிலில் அந்தக் கைகளைப் பார்க்க எனக்கே கூசியது, நீரில் ஊறிய காகிதம் மாதிரி இருந்தன. “நட” என்றேன். அவள் கலங்கரை விளக்கம் வரை நடந்தாள், கைகளை உடம்போடு ஒட்டவிடாமல் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ பிடித்துக்கொள்ளச் சொன்ன சாமான் மாதிரி.

“நீயும் வா” என்று திரும்பிப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“கவுண்டர்ல ஆளில்ல” என்று நான் நிழலோடு திரும்பிவிட்டேன். என் பாக்கெட் காபி ஆறிக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து அவள் போனாள். சந்தோஷமாகப் போனாள் என்று சொல்லமாட்டேன், பல் தேய்க்கப் போகிறவள் மாதிரி போனாள். கோடையில் கை கறுத்தது, மூக்கில் புள்ளிகள் வந்தன. புதிதாக வந்த ஒருத்தி, ஐயோ பாட்டி வயலில் வேலையா என்று கேட்டுவிட்டாள். நான் பதறிப்போய்ப் பார்த்தேன். “ஆமா, எலும்பு விதைச்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு இடுப்பில் டப்பென்று தட்டினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாக.

வாடிக்கையாளர்களையும் அவள் சும்மா விடவில்லை. பால் பாக்கெட்டோடு வந்து படுப்பவளிடம், “பாதி குடி, மீதியைத்தான் ஊத்துவேன்” என்பாள். குடிக்காவிட்டால் ஊற்றமாட்டாள். வயிற்றுக்கு ஆகாது என்பவர்களுக்காக என்னைச் சோயா பால் வாங்கி வைக்கச் சொன்னாள், அது முதுகில் ஊற்றினால் நாறும், அதனால் குடித்துத்தான் ஆகவேண்டும். நான் இதனால் எனக்கு இரட்டை வேலை என்று புலம்பிக்கொண்டே வாங்கி வைத்தேன். என் பங்கை நீட்டும்போதெல்லாம் பிறகு குடிக்கிறேன் என்று கவுண்டருக்கு அடியில் வைத்துவிடுவேன். பிறகு விற்றும்விடுவேன்.

*

மறுபடி நவம்பர் வந்தது. பில்சுன் சோதனைக்குப் போய்வந்தாள், எலும்பு மேற்கொண்டு சரியவில்லை என்று டாக்டர் சொன்னாளாம். ஏறவில்லையா என்று கேட்டதற்கு, ஏறியதா என்று இப்போதே சொல்ல முடியாது, நிற்பதே பெரிய விஷயம் என்றாளாம். “இத்தனை பாடும் இருக்கற இடத்துலயே இருக்கறதுக்கு” என்று சொல்லிவிட்டு அவள் என் கவுண்டரில் ஒரு முட்டையைத் தட்டி உடைத்தாள். களைத்துத்தான் இருந்தாள், ஆனால் முகத்தில் ஏதோ ஓய்ந்த அமைதி இருந்தது.

நான் துண்டு எண்ணிவிட்டுக் காபிக் கோப்பையோடு எழுந்து நின்றேன், உப்பை எடுத்து அவளுக்கு எட்டாமல் தள்ளி வைக்க. அவள் முட்டையை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

“அக்கா. நகராத.”

“என்னடி?”

“கண்ணு தெரியுது.” என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டு வந்தாள், மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி. “மூக்கு ஓட்டை தெரியல. நேரா கண்ணுக்குக் கண்ணு! நான் வளர்ந்துட்டேன் அக்கா! அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் தெரியல, நான் வளர்ந்துட்டேன்!”

ரப்பர் செருப்பு சப்புச்சப்பென்று அடிக்க உள்ளே போனாள். ஓடாதே, வழுக்கும் என்று நான் கத்தினேன். அவள் மகிழ்ச்சியாக இருந்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று. கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். கட்டிலோரம் போய் நிமிர்ந்து நின்றாள். கையைத் தொங்கவிட்டு மணிக்கட்டைப் பார்த்தாள். விளிம்பு ரேகைக்கு நேராகவே இருந்திருக்க வேண்டும், இறங்கியிருந்தால் கூவியிருப்பாள். கையை நீட்டித் துண்டு ஆணியைத் தொட்டாள். முன்பு போலவே எம்பித்தான் தொட்டாள். ஆணியைப் பிடித்தபடி அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

வெளியே வந்தபோது மெதுவாக வந்தாள்.

“என்ன, வளரலையா?” என்று கேட்டேன், கேலியாக.

அவள் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள், கட்டிலில் படுக்க வந்தவளைப் பார்ப்பது மாதிரி. பிறகு என் கையிலிருந்த காபிக் கோப்பையை வாங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றினாள்.

“முதுகு வலிக்குதா அக்கா?”

“யாருக்குத்தான் வலிக்கல” என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, டாக்டரிடம் இவள் சொன்ன அதே வார்த்தை.

“வா. மத்தியான வெயில் இருக்கும்போதே போயிட்டு வந்துரலாம். நாளைக்கு அந்த டாக்டர் பொண்ணுகிட்டப் போலாம்.”

“கவுண்டர்ல ஆளில்ல.”

“முட்டை ஓடிடாது. கோட்டு எடுத்துக்க.”

என் கோட்டு எனக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. இந்த வேலைக்கு வந்த முதல் நாள் என் கைக்கு வாகாக நானே அடித்த ஆணி. திரும்பி நின்று கையை நீட்டினேன். பில்சுன் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் குதிகாலைத் தூக்கித்தான் அதை எடுத்தேன்.